பொடிசுகள் வெளியேறிய தொட்டி

தொட்டிக் கண்ணாடி சுத்தமாக இருந்தது. பானுமதிக்கு அதுதான் பிடிக்கவில்லை.

மதியம் இரண்டரை மணி. வெளியே மாரண்டஹள்ளி வெயிலில் வறுபட்டுக்கொண்டிருந்தது. பாலக்கோடு மார்க்கெட்டுக்குத் தக்காளிக் கூடை ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று தெருமுனையில் உறுமிவிட்டு ஓய்ந்தது. இந்த ஓர் அறையில் மட்டும் இருட்டு. ஜன்னல் முழுக்கக் கறுப்பு சார்ட் அட்டை ஒட்டியிருந்தது. பம்பின் முணுமுணுப்பும், தண்ணீர் விழும் ஓசையும், உப்பும் பாசியும் கலந்த ஈர வாசனையும் சுவருக்குச் சுவர் நிறைந்திருந்தன. கடலைக் கண்ணால் பார்க்காத பானுமதிக்குக் கடல் என்றால் இந்த வாசனைதான்.

அவள் சிவப்பு டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக் குனிந்தாள். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் போட்டிருந்தாள். தினமும் இந்த நேரத்துக்கு அந்தச் சதுரத்துக்குள் நாற்பது ஐம்பது வெள்ளைப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ரவையில் பாதி அளவு. தத்தித் தத்தி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அவற்றுக்குப் புத்தகத்தில் ஏதோ வாயில் நுழையாத பெயர் இருந்தது. அவள் வைத்த பெயர் பொடிசுகள்.

இன்று சதுரத்தில் மூன்றே மூன்று இருந்தன. மூன்றும் மேலே பார்த்து ஏறிக்கொண்டிருந்தன.

அந்தக் கடல்நீர்த் தொட்டி அவள் கணவன் சந்திரமோகன் வைத்தது. ஓசூரில் கம்பெனி வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கல், சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்கும் புருஷன். தான் வரும் நேரத்தில் தொட்டி ஜொலிக்க வேண்டும் என்று மாலை ஆறு மணிக்கு விளக்கு எரியும்படியும் அதிகாலையில் அணையும்படியும் டைமர் வைத்திருந்தான். ஆகையால் ஊருக்குப் பகல் என்றால் தொட்டிக்கு ராத்திரி. வாரம் ஒரு நாள் வருகிறவனுக்காகச் சூரியனையே திருப்பி வைத்த வீடு அது. பானுமதி அதற்கும் தலையாட்டினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் ஆட்டாத தலையா?

வளர்த்தது என்னவோ அவள்தான். பல்லில் கறை ஏற்றும் போர் தண்ணீரைத் தான் குடித்துக்கொண்டு, கேனில் வாங்கிய சுத்தத் தண்ணீரில் பொடிசுகளுக்கு உப்புக் கரைத்தாள். ஜாடியில் பச்சைத் தண்ணீர் வளர்த்து ஸ்பூனால் ஊட்டினாள். தொட்டிக்குள் கை விடும் முன் சோப்புப் போடக் கூடாது, எண்ணெய் கூடாது, செம்பு அறவே கூடாது. செம்பு ஒரு துளி கரைந்தாலும் எலும்பில்லாத உயிர் எதுவும் தாங்காது என்று சந்திரமோகன் சொன்ன அன்றே, குழந்தை வேண்டிக் கோயிலில் போட்டுக்கொண்ட செப்புக் காப்பைக் கழற்றி பீரோவில் வைத்தாள். சாமிக்கு நேர்ந்ததைக் கழற்றுகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்தது. கடுகிலும் சிறிய அந்த உயிர்கள் முட்டைப் பையைச் சுமந்துகொண்டு ஓடுவதை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது அந்தக் குற்ற உணர்ச்சி அடங்கியது. மடியில் போட்டுக்கொள்ளப் பிள்ளையில்லாதவளுக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆயிரம் பிள்ளைகள்.

புதுப் பாறை வந்து மூன்று வாரம் ஆகிறது.

தலையணை அளவு, அங்கங்கே ஊதாப் பூச்சு, நடுவில் கட்டைவிரல் நுழையும் ஒரு துளை. பெங்களூரு நண்பன் கொடுத்தான் என்று சந்திரமோகன் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான், அவளைத்தான் தொட்டிக்குள் இறக்கச் சொன்னான். துளைக்குள் அபூர்வமான உயிர்ப் பவளம் ஒன்று இருக்கிறதாம். தினமும் மூன்று மணிக்கு ஓர் இறால் துண்டைத் துளை வாயில் பிடிக்க வேண்டுமாம். இடுக்கி கூடாது, கையுறை கூடாது, வெறுங்கைதான்.

அவளும் பிடித்தாள். முதல் நாள் இறால் தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஒரு வாரத்தில் துளைக்குள்ளிருந்து மெல்ல இழுப்பது விரலுக்குத் தெரிந்தது. போன வாரம் இறால் போன பிறகும் ஏதோ ஒன்று அவள் விரல் நுனியைத் தொட்டுத் தடவிப் பார்த்தது. வழவழப்பாக இருந்தது, அவசரமில்லாமல் இருந்தது. பவளத்துக்கு இவ்வளவு சமர்த்தா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அதற்குப் பிறகுதான் பொடிசுகள் குறைய ஆரம்பித்தன.

"யம்மா பானு! இங்க வந்து பாரு இந்தக் கூத்த!"

பின்வாசலிலிருந்து பக்கத்து வீட்டுத் தீர்த்தம்மாள் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில், கொதிக்கும் வெயிலில், தொட்டியின் ஆறு கடல் நத்தைகள் வரிசையாக ஒட்டிக் காய்ந்து கிடந்தன.

"உங்க வூட்டு நத்தைங்க ஏம்மா எங்க செவுத்துக்கு வருது? மாமியார் கொடுமையா?" என்று தீர்த்தம்மாள் கையைத் தட்டிச் சிரித்தாள்.

"எப்டிக்கா வந்துச்சு இவ்ளோ தூரம்?"

"என்னக் கேட்டா? தண்ணில இருக்கறது தண்ணிய வுட்டு வருதுன்னா அங்க இருக்க முடியலன்னுதான அர்த்தம்."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். பானுமதி நத்தைகளைச் சுரண்டி எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். அறைக் கதவோரம் ஐந்து நீளக் கால்கள் கொண்ட நட்சத்திரப் பூச்சி முறுக்கிக்கொண்டு செத்திருந்தது. அதன் கால் ஒன்று கதவிடுக்கில் நுழைந்திருந்தது. தொட்டியின் விளிம்பில், தண்ணீருக்கு மேலே, ஈரம் உள்ள மட்டும் குட்டி நண்டுகளும் புழுக்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் அந்த விளிம்பே நெளிந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தண்ணீருக்குள் விட்டாள். விட விட, அவை திரும்ப ஏறின.

உள்ளே பாறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சொரசொரப்பான எதையோ மெதுவாக இழுப்பது போன்ற சத்தம். பம்ப் சத்தத்துக்கு அடியில் அது எத்தனை நாளாக இருந்ததோ, இப்போதுதான் காதில் பிரிந்து விழுந்தது.

ஃபோனை எடுத்தாள். காலையில்தான் அவனிடம், "அந்தப் பாறை முன்ன எங்க இருந்துச்சு, அங்க இப்டி ஆச்சான்னு கேட்டுச் சொல்லுங்க," என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாள். பதிலுக்கு ஒரு படம் வந்திருந்தது. நண்பன் வீட்டுத் தொட்டியாம். அதே பாறை, அதே துளை, சுற்றிலும் நீல வெளிச்சம். 'அங்க நல்லாத்தான் இருந்துச்சு. பயப்படாத' என்று கீழே எழுதியிருந்தான்.

படத்தை விரலால் விரித்துத் துளையைப் பார்க்கப் போனவள் வேறொன்றைப் பார்த்தாள்.

தொட்டிக் கண்ணாடியில் எதிர்ப்பக்கம் தெரிந்தது. படம் எடுத்த ஆளின் பிம்பம், இடுப்பில் பச்சைக் கரை போட்ட நீல லுங்கி. அவன் தோளில் முகவாயை வைத்தபடி நைட்டி போட்ட ஒரு பெண். அவள் இடுப்பில் ஒரு குழந்தை.

நண்பனின் மனைவியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். நண்பனின் மனைவி எதற்கு இவன் தோளில் சாய வேண்டும்? அந்த லுங்கி பாலக்கோட்டில் அவளே பேரம் பேசி வாங்கியது. கரையில் ஒரு நூல் பிசிறு இருந்ததால் பத்து ரூபாய் குறைத்தார்கள். அந்தப் பிசிறு படத்திலும் தொங்கியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. பிறகு அவனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்தப் படம் யார் வூடு?"

"சொன்னனே, ஃப்ரெண்டு வூடு."

"லுங்கி உங்களுது."

 அவன் கோபப்படுவான், கத்துவான், சத்தியம் பண்ணுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கேட்டது வேறு.

"பானு, இன்னிக்கி இறால் போட்டியா?"

"நான் என்னா கேக்கறேன், நீங்க என்னா கேக்கறீங்க?"

"போட்டியா இல்லியா? மணி மூணு தாண்டிடுச்சு."

"போடல."

"மொதல்ல போட்டுட்டு வா. அப்பறம் எவ்ளோ வேணா திட்டு. பசியோட மட்டும் வுடாத. இங்க ஒரே ஒரு நாள்தான் போடாம வுட்டோம்..."

சட்டென்று நிறுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் ஒரு குழந்தை "ப்பா... ப்பா" என்று சிணுங்கியது. ஒரு பெண் அதை உஷ் என்று அடக்கினாள்.

"இங்கன்னா எங்கங்க?" என்று பானுமதி கேட்டாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இனி மறைத்துப் பயனில்லை என்று நினைத்தானோ என்னவோ, சந்திரமோகன் சொல்ல ஆரம்பித்தான். தணிந்த குரலில், வேலை விஷயம் பேசுகிற மாதிரி சொன்னான்.

"பாப்பாவுக்கு மூணு வயசு, பானு. விசேஷத்துக்கு மருதாணி வெச்ச கை. மீனு பாக்கறேன்னு ஸ்டூல் போட்டு ஏறி உள்ள வுட்டுடுச்சு. ரெண்டு வெரலு. தொட்டியவே கவுத்துத் தேடுனோம், கெடைக்கல."

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அந்தக் குழந்தை அவள் சதையில்லை. அவளைக் கழுத்தறுத்தவனின் சதை. ஆனாலும் பானுமதி தன் விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள். 

"அந்தப் பாறையத் தூக்கி எறிய வேண்டியதுதான?"

"எறிஞ்சேன். ஏரில கொண்டு போய்ப் போட்டேன். காலைல பாத்தா தொட்டில இருக்குது. ரெண்டு தடவ ஆச்சு. அது பழகுன கை எங்க இருக்குதோ அங்கதான் இருக்குது. வேற கை பழகிட்டா அங்க தங்கிடுது. இப்போ உன்னோட நல்லாப் பழகிடுச்சுன்னு நீயே சொன்ன. பழகிட்டா ஒண்ணும் பண்ணாது. நேரத்துக்குப் போட்டுட்டு இருந்தா போதும்."

மூன்று சனிக்கிழமை வந்தான். மூன்று தடவையும் அறையின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் தொட்டியைப் பார்த்தான். ஒரு தடவையாவது கையை நனைத்தானா? அவளுக்கு இப்போதுதான் அது உறைத்தது.

"அதுக்கு எங் கைதான் கெடச்சுதாங்க உங்களுக்கு?"

"புள்ள இருக்கற வூட்ல அத வெக்க முடியாது, பானு," என்றான். நியாயம் கேட்கிற குரல். "நீயே சொல்லு. முடியுமா?"

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அழுகை வரவில்லை. ஒன்பது வருஷமாக மாமியார் வாயிலும் ஊர் வாயிலும் விழுந்தெழுந்த சொல்தான் அது, புள்ள இல்லாத வூடு. அதை அவன் இப்படி ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இன்னொருத்தி இருக்கிறாள் என்பதைக்கூட ஒரு நாள் விழுங்கியிருப்பாள் போல. இதை எப்படி விழுங்குவது? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். சோற்றிலும் உப்பிட்டாள், இந்தத் தொட்டியிலும் உப்பிட்டாள். நல்லா நினைத்தான் அவளை.

பீரோவைத் திறந்து செப்புக் காப்பை எடுத்தாள். இதைப் போட்டுவிட்டால் போதும். விடிவதற்குள் அந்தத் தண்ணீரில் எதுவும் மிஞ்சாது. தொட்டிக்கு மேலே காப்பை நீட்டினாள். விளிம்பில் குட்டி நண்டு ஒன்று அவள் விரலில் ஏறி நின்றது. நகத்தளவுகூட இல்லாத நண்டு. கண்ணாடியில் மிச்சமிருந்த மூன்று பொடிசுகளில் ஒன்று முட்டைப் பை சுமந்திருந்தது. இவை என்ன பாவம் செய்தன? இவளை நம்பித்தானே இருந்தன? நம்பின உயிரைக் கொல்ல அவளால் ஆகாது. அதற்கு இந்த வீட்டில் வேறு ஆள் இருக்கிறான்.

காப்பை மறுபடி பீரோவில் போட்டுவிட்டு, குளியலறைப் பெரிய வாளியை இழுத்து வந்தாள். பாறையை எடுத்து வாளியில் வைத்து, நாலு மணி ஓசூர் பஸ்ஸில் ஏறி, அவன் அறை என்று சொன்ன அந்த வீட்டு வாசலில் இறக்கிவிட வேண்டும். குழந்தையும் தாயும் வெளியே போகட்டும். கை கொடுக்க அவன் இருக்கிறானே. இனி அவன் போடட்டும் இறால்.

தொட்டி விளக்கைப் பட்டப்பகலில் போட்டாள். நீலமும் வெள்ளையுமாக வெளிச்சம் அடித்தது. விளிம்பில் இருந்தவை எல்லாம் வெளிச்சத்துக்குப் பயந்து ஒளியும் என்று பார்த்தாள். ஒன்றுகூடத் தண்ணீருக்குள் இறங்கவில்லை.

மூன்றரை ஆகியிருந்தது. பாறையின் சத்தம் நின்றிருந்தது.

இரண்டு கையையும் உள்ளே விட்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. பாறையைத் துளை படாமல் இரண்டு ஓரத்திலும் பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். அன்று இறக்கியபோது இருந்த கனத்துக்குத் தயாராக இருந்தவள் பின்னால் விழப் பார்த்தாள்.

பாறை கனக்கவே இல்லை. காய்ந்த சுரைக்குடுக்கை போல் இருந்தது.

வாளியில் வைத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் இன்னொரு துளை. கை நுழையும் அகலம். உள்ளே ஒன்றும் இல்லை. வழவழவென்று தேய்ந்த வெறும் குகை.

தொட்டியைப் பார்த்தாள். பாறை இருந்த இடத்தில் மணல் குழிந்திருந்தது. ஒரு சாண் ஆழ மணல். அசைவு இல்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் குழியின் நடுவில் நத்தை ஒன்று மல்லாந்து கிடந்தது. பாறையோடு புரண்டு விழுந்திருக்க வேண்டும். அந்த வகை நத்தை மல்லாந்தால் தானாகத் திரும்பாது. காலை வெளியே நீட்டித் தவித்தது. அப்படியே விட்டால் பொழுதுக்குள் செத்துவிடும். மூன்று வருஷமாக அவள் தினமும் செய்கிற வேலைதான். யோசிக்காமல் கை போனது.

முழங்கை வரை. நத்தையைத் தொட்டாள். திருப்பி வைத்தாள்.

அதன் பக்கத்தில் மணல் கொஞ்சம் விலகியது.

வெளியே வந்தது விரல். சின்ன விரல். அதை ஒட்டி இன்னொன்று. வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தது. அழுகவில்லை. ஊறவில்லை. நுனி இரண்டும் மருதாணிச் சிவப்பு.

விரல்களுக்குக் கீழே கை இல்லை. ஈரமாக மினுக்கிய, கறுத்த, வளையம் வளையமான ஏதோ ஒன்று மணலுக்குள் இறங்கிப் போனது.

விரல்கள் நீண்டன. தண்ணீரில் தடவிப் பார்த்தன. அவள் சுட்டுவிரலைக் கண்டுகொண்டன. சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டன. தொட்டிலில் கிடக்கும் குழந்தை பிடிக்கிற அதே பிடி. ஒன்பது வருஷமாக அவள் ஊரார் வீட்டுக் குழந்தைகளிடம் கேட்டு வாங்கிய பிடி.

இழுக்கத்தான் நினைத்தாள்.

கை வரவில்லை. வலிக்கவும் இல்லை. விரல்கள் அவள் விரலை மெல்ல அமுக்கின. விட்டன. மறுபடி அமுக்கின.

விளிம்பிலிருந்து நண்டுகள் பொத்துப் பொத்தென்று தரையில் குதித்தன.

தொட்டியின் இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடி வரை, நாலடி நீளத்துக்கும், மணல் ஒரே மூச்சாக மேலே எழும்பியது.